ஊர் கேரளம், மொழி தமிழ், கல்லூரி கோவை: உதவித்தொகை விதிகளுக்கு இடையே எல்லைப்புற மாணவர்கள்

புதுதில்லி: உயர்கல்வி பயிலும் ஏழை மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை முடிவு செய்யும் விதிகள் 2018-ஆம் ஆண்டுக்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டுள்ளன. நிதியில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு மாறியது. பணம் மாணவரைச் சென்றடையும் வழி மாறியது. சில திட்டங்கள் முற்றிலுமாகக் கைவிடப்பட்டன. ஆனால், மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே உதவித்தொகை வழங்க வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் தொடர்ந்து வருகிறது.

தலைநகரில் இருந்து பார்க்கும்போது இதில் சிக்கல் ஏதும் இருப்பதாகத் தோன்றாது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் உள்ள வடகரப்பதி ஊராட்சியில் இருந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகியவை தமிழர்கள் பெருமளவில் வாழும் எல்லையோரப் பகுதிகள். வேலந்தாவளத்தைக் கடந்தால் கோவை மாவட்டம் தொடங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்கு முன்பு சித்தூர் கொச்சி சமஸ்தானத்தையும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தையும் சேர்ந்திருந்தன. அதன் பின்னர் எல்லைக்கோடு நிலைபெற்றுவிட்டது. ஆனால், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் மக்கள் கோவை, பொள்ளாச்சி செல்வது நிற்கவில்லை.

உள்ளூரிலும் கல்லூரி இல்லாமல் இல்லை. 1947-இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரி இவ்வட்டாரத்தின் மூத்த கல்வி நிறுவனம். தமிழ்த் துறையும் அங்கு உண்டு. எனினும், விரும்பிய பாடத்தில் இடம் கிடைக்காதவர்களும், தொழில்நுட்பப் படிப்புகளை நாடுவோரும் கோவையை நோக்கியே செல்கின்றனர். உதவித்தொகை விதிகளின் உண்மையான சோதனை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரு மாநிலங்களுக்கு இடையே

வடகரப்பதியில் பிறந்து, கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரையும், அதே மாநிலத்தில் மேல்நிலைக் கல்வியும் முடித்து, கோவையில் பட்டப்படிப்பில் சேரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம்.

தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ரூ. 1,000 வழங்க வகை செய்யப்பட்டது. அதற்கான தகுதி, தமிழகத்தின் அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்திருப்பது. பின்னர் 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் கோவையிலேயே தொடங்கப்பட்டது. நமது மாணவி படித்ததும் அரசுப் பள்ளிதான். பயின்றதும் தமிழ் வழிதான். ஆனால், அது தமிழக அரசுப் பள்ளி அன்று. எனவே, ஒரே வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமரும் தோழிக்குக் கிடைக்கும் தொகைக்கு அவர் தகுதி பெறுவதில்லை.

சாதிச் சான்றிதழின் நிலையும் இதுவே. அரசியல் சட்டத்தின் 341, 342-ஆவது பிரிவுகளின்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல்கள் மாநிலவாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. பறையர், பள்ளர், சக்கிலியர், அருந்ததியர் ஆகிய சமூகங்கள் தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலப் பட்டியல்களிலும் இடம்பெற்றுள்ளன. எனினும், கேரளம் வழங்கிய சான்றிதழுடன் தமிழகத்தில் விண்ணப்பிப்பவர் அங்கு இடஒதுக்கீடு கோர முடியாது. பொதுப் போட்டியிலேயே கருதப்படுவார்.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் உண்டு. ஆந்திரத்தில் பிறந்து, தந்தையின் பணி காரணமாக மும்பையில் வளர்ந்த மாணவர் ஒருவர், பழங்குடியினருக்கான மருத்துவக் கல்லூரி இடத்தை மகாராஷ்டிரத்தில் கோரினார். 1990-ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்க மறுத்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி மற்றொரு மாநிலத்துக்குத் தானாக உடன் வராது என்ற அந்த நிலைப்பாட்டை, 2018-ஆம் ஆண்டு பீர் சிங் வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

ஆக, தமிழகம் தரப்போவதில்லை. எஞ்சியிருப்பது மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து வழங்கும் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை. எல்லை தாண்டிப் படித்தாலும் சொந்த மாநிலமே அதை வழங்க வேண்டும் என்பது விதி. இத்திட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்தாம் நமது மாணவியின் கல்விக்கு இப்போது அடிப்படை.

1944 முதல் இன்று வரை

தாழ்த்தப்பட்டோருக்கான இந்த உதவித்தொகை, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1944-இல் தொடங்கப்பட்டது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் டாக்டர் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலம் அது. 1948-இல் பழங்குடியினருக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

நீண்ட காலம் இத்திட்டத்தில் மாநிலங்களின் "உறுதிப் பொறுப்பு" என்ற கணக்கு முறை பின்பற்றப்பட்டது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலத்தில் இத்திட்டத்துக்கு ரூ. 100 கோடி செலவாகியிருந்தால், அடுத்த திட்டக் காலம் முழுவதும் ஆண்டுதோறும் முதல் ரூ. 100 கோடியை அந்த மாநிலமே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட செலவை மட்டுமே மத்திய அரசு தரும். பன்னிரண்டாவது திட்டக் காலம் 2017 மார்ச்சில் முடிந்ததும் மாநிலங்களின் சுமை திடீரென உயர்ந்தது. 2017-18 முதல் 2019-20 வரையிலான ஆண்டுகளில் மத்திய அரசின் உதவி நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 1,100 கோடியாகவே இருந்தது.

2020-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி மத்திய அமைச்சரவை இம்முறையைக் கைவிட்டது. செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசும் 40 சதவீதத்தை மாநிலங்களும் ஏற்பது என்றும், வடகிழக்கு மாநிலங்களுக்கு இது 90-க்கு 10 என்றும் முடிவாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு ரூ. 59,048 கோடி செலவில், அதில் மத்திய அரசின் பங்கு ரூ. 35,534 கோடி என, 4 கோடி மாணவர்களுக்கு உதவுவது இலக்கு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பைத் தொடர இயலாத 1.36 கோடி பரம ஏழை மாணவர்களை உள்ளே கொண்டுவருவது தனி நோக்கமாக அறிவிக்கப்பட்டது. மாநிலங்கள் பல ஆண்டுகளாகக் கோரிவந்த மாற்றம் இது என்பதில் ஐயமில்லை.

மாற்றத்தோடு புதிய நிபந்தனைகளும் வந்தன. 2021-22 முதல் மத்திய அரசின் பங்கு, ஆதாருடன் இணைக்கப்பட்ட மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. ஆனால், மாநில அரசு தனது 40 சதவீதப் பங்கை விடுவித்த பிறகே மத்திய அரசின் 60 சதவீதம் வரும். மாநிலக் கருவூலத்தில் தாமதம் ஏற்பட்டால் இரண்டு பங்குகளுமே தாமதமாகும். கேரளத்தில் "இ-கிராண்ட்ஸ்" என்ற இணையவழி அமைப்பின் மூலம் வழங்கப்படும் உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையாக இருப்பதாக மாணவர் அமைப்புகள் புகார் எழுப்பிவந்ததும் இக்காலத்தில்தான்.

முன்பணம் செலுத்தாமல் கல்லூரியில் சேர உதவும் கட்டணமில்லா அட்டைக்கு 2021 வழிகாட்டு நெறிகளில் இடமுண்டு. சொந்த மாநிலத்தில் உள்ள கல்லூரி, மாநில அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. எல்லைக்கு அப்பால் உள்ள தனியார் கல்லூரி நிர்வாகத்திடம், வேறொரு மாநிலத்தின் கருவூலத்தில் இருந்து வரவேண்டிய பணத்துக்காகக் காத்திருக்கச் சொல்வது அவ்வளவு எளிதன்று.

2018-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு கதவையும் சாத்தியது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களிலும் உடனடிச் சேர்க்கையிலும் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம் திட்டத்தில் இருந்து விலக்கப்பட்டது. போலிச் சேர்க்கைகளையும் கட்டணக் கொள்ளையையும் தடுப்பதற்காக என இதற்குக் காரணம் கூறப்பட்டது. நியாயமான காரணமே. ஆனால், வெளி மாநில ஒதுக்கீட்டில் போட்டியிட்டு அரசு இடம் பெற இயலாமல், சுயநிதிக் கல்லூரியில் நேரடியாகச் சேரும் எல்லைப்புற மாணவரையும் இவ்விதி தொடுகிறது.

நாளொன்றுக்கு 12 ரூபாய்

கட்டணம் நீங்கலாக, மாணவரின் செலவுக்கு வழங்கப்படும் படித்தொகை படிப்பின் பிரிவைப் பொறுத்தது. 2021 வழிகாட்டு நெறிகளின்படி முதல் பிரிவான தொழிற்படிப்புகளில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு ரூ. 13,500, வீட்டில் இருந்து வருவோருக்கு ரூ. 7,000. கலை, அறிவியல் பட்டப்படிப்புகள் அடங்கிய மூன்றாம் பிரிவில் விடுதி மாணவருக்கு ரூ. 6,000, வீட்டில் இருந்து வருவோருக்கு ரூ. 3,000.

ரூ. 3,000 என்பதைப் பத்து மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ரூ. 300. மாதத்துக்கு 25 நாள் கல்லூரி என்று கொண்டால் நாளொன்றுக்கு ரூ. 12. வடகரப்பதியில் இருந்து கோவைக்குத் தினமும் பேருந்தில் சென்று திரும்பும் ஒருவருக்கு இந்தத் தொகை எதற்குப் போதும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரே நாடு, ஒரே உச்சவரம்பு

இத்திட்டத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான தகுதி விதி பெற்றோரின் ஆண்டு வருமானம். 2010-இல் ரூ. 2 லட்சமாக இருந்த உச்சவரம்பு, 2013-14-இல் ரூ. 2.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2020-இல் நிதிப் பங்கீட்டையே மாற்றியமைத்தபோதும் இத்தொகை தொடப்படவில்லை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைக்கும் பின்னர் இதே ரூ. 2.5 லட்சம் வரம்பாயிற்று.

ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி உயர்ந்ததாகக் கொண்டாலே, 2013-ஆம் ஆண்டின் ரூ. 2.5 லட்சம் 2025-இல் ஏறத்தாழ ரூ. 4.5 லட்சத்துக்குச் சமம். இதே மத்திய அரசு, பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தோரைப் பிரிக்கும் வரம்பை 2017-இல் ரூ. 8 லட்சமாக உயர்த்தியது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் 2019-இல் ரூ. 8 லட்சத்தையே வரம்பாக வைத்தது. இடஒதுக்கீட்டில் "நலிந்தவர்" எனக் கருதப்படும் ஒருவர், உதவித்தொகையில் வசதி படைத்தவராகிவிடும் முரண்பாடு இதனால் எழுகிறது.

கேரளத்தைப் பொருத்தவரை இதில் மற்றொரு பரிமாணமும் உண்டு. நாட்டிலேயே தினக்கூலி அதிகமாக உள்ள மாநிலம் கேரளம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, 2022-23-ஆம் ஆண்டில் ஊரகப் பகுதி ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி கேரளத்தில் ரூ. 764, அகில இந்திய சராசரியோ ரூ. 346.

கேரள சராசரிக் கூலியில் ஒருவர் ஆண்டுக்கு 328 நாள் உழைத்தால் அவரது வருமானம் ரூ. 2.5 லட்சத்தைத் தாண்டிவிடும். அகில இந்திய சராசரிக் கூலியில் அதே தொகையை எட்ட 723 நாள் உழைக்க வேண்டும். ஓர் ஆண்டில் அத்தனை நாள்களே இல்லை. கணவனுக்கு ரூ. 764 வீதம் 200 நாளும், மனைவிக்கு ரூ. 500 வீதம் 200 நாளும் வேலை கிடைத்தால், குடும்ப வருமானம் ரூ. 2.53 லட்சம். நிலமற்ற அந்தக் கூலிக் குடும்பம் மத்திய அரசின் கணக்கில் ஏழைக் குடும்பம் அன்று.

மழை மறைவுப் பகுதியான சித்தூரின் கிழக்குப் பகுதியில் கூலியும் வேலை நாள்களும் மாநில சராசரியை எட்டாமல் போகலாம். ஆயினும், அரிசி முதல் பேருந்துக் கட்டணம் வரை கேரள விலையில் வாழும் குடும்பத்தை, நாடு முழுமைக்குமான ஒரே கோலால் அளப்பது சரிதானா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

வரம்பைத் தாண்டும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குக் கேரள அரசு தனது சொந்த நிதியில் இருந்து உதவித்தொகை வழங்கி வந்துள்ளது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். அதனால் மாணவர் கைவிடப்படவில்லை. ஆனால், அவர்களுக்கான செலவில் 60 சதவீத மத்தியப் பங்கு கிடையாது. மத்திய அரசு உச்சவரம்பை உயர்த்தாத ஒவ்வோர் ஆண்டும் கூலி உயர உயர, மேலும் சில குடும்பங்கள் மத்தியப் பட்டியலில் இருந்து மாநிலப் பட்டியலுக்கு நகர்கின்றன. மாநிலக் கருவூலம் திணறினால் நிலுவையில் நிற்பது அவர்களின் உதவித்தொகைதான்.

மலைத் தோட்டங்களில் மற்றொரு சிக்கல்

பாலக்காட்டு எல்லையில் மாணவர்கள் மாநிலம் கடந்து படிக்கச் செல்வதால் சிக்கல். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலோ, மாணவர் எந்த மாநிலத்தவர் என்பதே கேள்வி. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, தோட்டத்து லயங்களிலேயே வாழ்ந்தவை. சொந்த நிலமோ பட்டாவோ இல்லாத நிலையில், சாதிச் சான்றிதழுக்காக மூதாதையர் குடியேறிய காலத்தை நிரூபிக்க வேண்டியுள்ளது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை 1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-இல் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு முன்பே குடும்பம் இங்கு குடியேறியிருந்தால் கேரளத்தவர். பின்னர் வந்திருந்தால் பிற மாநிலத்தவர்.

இக்கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரு தேர்தல் வழக்கு நாட்டுக்குக் காட்டியது. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஆ. ராஜாவின் தேர்தலை, 2023 மார்ச் 20-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. அவரது மதம் பற்றிய வாதத்துடன், அவரது முன்னோர் தமிழகத்தில் இருந்து எப்போது வந்தனர் என்பதும் வழக்கில் விவாதிக்கப்பட்டது. 2025 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து அவரது வெற்றியை உறுதிப்படுத்தியது.

சட்டப்பேரவை உறுப்பினருக்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வழியுண்டு. தோட்டத் தொழிலாளியின் மகளுக்கோ கல்லூரிச் சேர்க்கையின் கடைசித் தேதிக்குள் வருவாய்த் துறையின் சான்றிதழ் கைக்கு வந்தாக வேண்டும். கேரளம் அவரைப் பிற மாநிலத்தவர் என்று கருதினால், அவர் தமிழகத்தைத்தான் நாட வேண்டும். தமிழகத்திலோ அவருக்குக் குடியிருப்பும் இல்லை, பள்ளிச் சான்றும் இல்லை.

மொழிச் சிறுபான்மைக்கு இடமில்லை

சிறுபான்மையினர் என்ற முறையிலாவது உதவி கிடைக்குமா என்றால் அதற்கும் வழியில்லை. மத்திய சிறுபான்மையினர் விவகார அமைச்சகத்தின் உதவித்தொகைகள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், பார்சிகள், சமணர்கள் ஆகிய ஆறு மதச் சிறுபான்மையினருக்கு மட்டுமே உரியவை. அந்தத் திட்டங்களும் சுருங்கி வந்துள்ளன. பள்ளிநிலை உதவித்தொகை 2022-23 முதல் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்றாயிற்று. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை அதே ஆண்டு முதல் நிறுத்தப்பட்டதை, 2022 டிசம்பர் 8-ஆம் தேதி மக்களவையில் கேரள உறுப்பினர் டி.என். பிரதாபனின் கேள்விக்கு அளித்த பதிலில் அமைச்சர் ஸ்மிருதி இரானி தெரிவித்தார்.

அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, கல்வி நிறுவனங்கள் நடத்தும் உரிமையை மத, மொழிச் சிறுபான்மையினர் இருவருக்கும் வழங்குகிறது. 350-ஏ பிரிவு தாய்மொழியில் தொடக்கக் கல்வியை வலியுறுத்துகிறது. 350-பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையரும் உண்டு; அப்பணி சிறுபான்மையினர் விவகார அமைச்சகத்தின் கீழேயே ஒப்படைக்கப்பட்டது. தமிழ், கன்னட மக்கள் தத்தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது. எழுதுவதற்கு உரிமை உண்டு. படிப்பதற்கு உதவித்தொகை இல்லை என்பதே மொத்தத்தில் நிலைமை.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள கேள்வி

உச்சவரம்பை உயர்த்த வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒலித்துள்ளது. பிற்படுத்தப்பட்டோர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு, பாஜக உறுப்பினர் கணேஷ் சிங் தலைமையில் 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், உதவித்தொகைக்கான வருமான வரம்பை இரு மடங்காக்கப் பரிந்துரைத்தது. ஆளும் கட்சி உறுப்பினர் தலைமையிலான குழுவே இவ்வாறு கூறியது கவனிக்கத்தக்கது.

வடகரப்பதி அடங்கிய சித்தூர் சட்டப்பேரவைத் தொகுதி, ஆலத்தூர் மக்களவைத் தனித் தொகுதியின் கீழ் வருகிறது. 2024 தேர்தலில் அங்கு வென்ற கே. ராதாகிருஷ்ணன், அதற்கு முன் கேரளத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலத்துறை அமைச்சராக இருந்தவர். உதவித்தொகையை வழங்கும் துறையின் கஷ்டங்களை அறிந்த ஒருவரை மக்களவைக்கு அனுப்பும் வாய்ப்பு இத்தொகுதிக்குக் கிடைத்தது.

2020-இல் வகுக்கப்பட்ட நிதி ஏற்பாடு 2025-26 நிதியாண்டு வரைக்குமானது. அடுத்த காலகட்டத்துக்கு விதிகள் எழுதப்படும்போது இரண்டு திருத்தங்களை எல்லைப்புறத்தின் சார்பில் முன்வைக்க முடியும். வருமான வரம்பை விலைவாசியோடு இணைத்து, மாநிலங்களின் கூலி நிலவரத்தையும் கருத்தில் கொள்வது முதலாவது. அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் மாணவர்கள் அண்டை மாநிலத்தில் படித்தால், அம்மாநிலம் தனது மாணவருக்கு வழங்குவதைப்போல் உதவித்தொகையை முதலில் வழங்கிவிட்டு, பின்னர் சொந்த மாநிலத்திடம் ஈடுபெற்றுக்கொள்ள வழிவகுப்பது இரண்டாவது.

இவற்றில் முதலாவதற்குக் கூடுதல் நிதி தேவை. இரண்டாவதற்கோ, தமிழகமும் கேரளமும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால் போதும். முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம்-ஆழியாறு என நீருக்காகப் பலமுறை பேசிய இரு மாநிலங்களும், எல்லையைக் கடந்து நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களுக்காகவும் ஒருமுறை பேசலாம்.